ஆத்தாவின் கண்ணாடி

கானாடுகாத்தான்

அன்புள்ள உமையாள்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. ஓடு மாற்ற ஆள் வந்திருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டாம் கட்டில் ஒழுகிய மூலையை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. ஆத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். உனக்குப் பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீடே சந்தோஷப்பட்டது.

போன மாதம் ஒரு பத்திரிகைக்காகச் சென்னையிலிருந்து நாலு பேர் வந்து நம் வீட்டைப் படம் எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். வந்ததும் முதல் வேலையாக வளவிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள். அப்புறம் காலண்டர், இன்வெர்ட்டர். சுவிட்ச் போர்டு தெரியாமலிருக்க ஒரு பித்தளைத் தாம்பாளத்தைச் சாய்த்து வைத்தார்கள். ஆத்தா பட்டாலையில் உட்கார்ந்து, வங்கிக்காரர்கள் வட்டியைச் சரியாக ஏற்றியிருக்கிறார்களா என்று பாஸ்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, கண்ணாடியைக் கழட்டிட்டு, தூண்ல சாஞ்சு சும்மா வாசலைப் பாருங்க" என்றார் ஒருவர். ஆச்சி என்றே கேட்டுப் பழகிய காது, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பாஸ்புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டுக் கையில் ஒரு சொளகைக் கொடுத்தார்கள். சொன்னபடி உட்கார்ந்தாள். படம் அழகாகத்தான் வந்திருக்கிறது. எண்பத்து மூன்று வயதிலும் வட்டிக் கணக்கு விரல் நுனியில் வைத்திருக்கும் என் ஆத்தாவைத்தான் அதில் காணோம்.

எம்.ஏ. படிக்கும்போது கிழக்கு நாடுகளை மேற்கு எப்படிச் சித்தரித்தது என்று சொல்கிற எட்வர்ட் சயீதின் 'ஓரியண்டலிசம்' புத்தகத்தை நாம் ஒரே பிரதியில் மாற்றி மாற்றி வாசித்தோமே, 1978-இல் வந்தது. அதன் அட்டைப்படம் ஞாபகம் இருக்கிறதா? பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் வரைந்த பாம்பாட்டி. நீல ஓடு பதித்த சுவரில் சாய்ந்து ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், எதிரே ஒரு சிறுவன் உடம்பில் துணியில்லாமல் பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்பான். எகிப்து, துருக்கி, இந்தியா மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்த காட்சி. கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் 1983-இல் எழுதிய கட்டுரையில், அந்த மாதிரி ஓவியங்களில் என்னென்ன இல்லை என்று பார்க்கச் சொல்கிறார். ஐரோப்பியர் ஒருவர்கூட இல்லை. காலம் நகர்வதற்கான அடையாளம் எதுவும் இல்லை. சுவரில் பெயர்ந்த ஓடு மட்டும் அத்தனை நுணுக்கமாக இருக்கிறது, இந்த ஜனங்கள் எதையும் பராமரிக்கமாட்டார்கள் என்று சொல்கிற மாதிரி. ஜெரோமின் கைத்திறனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எங்கள் இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது நாக்லின் சொன்னது முழுசாகப் புரிந்தது. இந்தத் தடவை அப்படிப் பார்த்தது நம் பிள்ளைகளே என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இதோடு முடித்திருப்பேன். படம் எடுப்பதற்காகத் திறந்த பெட்டகத்தில் பர்மாவின் மோல்மேனிலிருந்து ஐயா எழுதிய கடிதங்கள் கிடைத்தன. 1934-இல் அங்கே வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக இருந்தபோது எழுதியவை. ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் 1889-இல் அந்த ஊரில் இறங்கி, மறுவருஷம் எழுதிய மண்டலே பாட்டில் ஒரு பர்மியப் பெண் பகோடா பக்கத்தில் வெள்ளைச் சிப்பாயை நினைத்து உட்கார்ந்திருப்பாளே, அதே மோல்மேன்தான். அந்தப் பாட்டில் வயல்மேல் பனி உண்டு, தேக்கு அடுக்கும் யானை உண்டு. அந்த வயல் யாரிடம் அடமானத்தில் இருந்தது, தேக்கு எந்த ஊர் முகப்புக்குத் தூணாகப் போனது என்பது இல்லை. அது நமக்குத் தெரியும்.

ஐயா நல்ல மனிதர், நீயும் பார்த்திருக்கிறாய். அவர் எழுதுகிறார்: இந்த ஊர்க்காரர்கள் கையில் காசு தங்காது, பாதி நாள் கூத்தும் திருவிழாவும்தான், நாளையைப் பற்றிக் கவலையே கிடையாது. வாசித்ததும் ஜெரோமின் பெயர்ந்த ஓடுதான் கண்முன் வந்தது. 1930-இல் நெல் விலை விழுந்ததைப் பற்றி வேறு பக்கத்தில் வரி வரியாகக் கணக்கு எழுதியிருக்கிறார். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த வருஷம் நம் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 சதவீதம், எட்டு வருஷத்தில் 25 சதவீதம். கடனைக் கட்ட முடியாமல் போன நிலம் அது. கணக்கு எழுதிய அதே கைக்கு, பர்மாக்காரன் சோம்பேறி என்று எழுதும்போது விலை விழுந்தது ஞாபகம் வரவில்லை. வெள்ளைக்காரன் நம்மையும் வட்டிக்காரன் என்ற ஒரே சொல்லில் அடக்கினான். அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் ஐயாவின் கடிதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு அந்தக் கோபத்தைக் காட்ட என்னால் முடியவில்லை.

உங்கள் மலேசியாவின் சையத் உசேன் அலாட்டாஸ், மலாய்க்காரர் சோம்பேறி என்ற கதையை யார் கட்டினார்கள், அதனால் யாருக்கு லாபம் என்று 1977-இலேயே, சயீதுக்கு ஒரு வருஷம் முன்பே எழுதிவிட்டார். அங்கே கிடைத்தால் ஒரு பிரதி வாங்கி வை, பணம் அனுப்புகிறேன்.

பிள்ளையார் நோன்புக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், கட்டாயம் வா. உங்கள் ஐயா பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்கள் உன் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கும் என்பாயே, இறக்கிக் கொண்டுவா. இரண்டு கட்டையும் பக்கத்தில் வைத்து நாம் வாசிக்க வேண்டும். ஆத்தாவுக்கு அந்தக் காலத்து எழுத்து நம்மைவிட நன்றாகப் பிடிபடும். கண்ணாடி போட்டுக்கொண்டு அவளே வாசித்துச் சொல்வாள்.

அன்புடன்,
வள்ளி