வயரிங் சோதனை அறிக்கையில் பார்க்காமலே கையெழுத்திடுவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளர்
(பெயர், முகவரி, சான்று எண் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு. தலைமை மின் ஆய்வாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு மின் ஆய்வுத் துறை,
கிண்டி, சென்னை.

பொருள்: புதிய வீடுகளின் வயரிங்கை நேரில் சோதிக்காமல் உரிமதாரர்கள் சீல் போட்டுக் கொடுப்பதைத் தடுக்கவும், அனுபவமுள்ள தொழிலாளர்கள் தகுதிச் சான்று பெற வழி செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பதினேழு வயதில் ஹெல்பராக வயர் இழுக்கத் தொடங்கி, ஒன்பது ஆண்டு கழித்துத் தேர்வு எழுதிச் சான்று வாங்கியவன். என் கண்ணால் கண்டதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

கடந்த ஐப்பசி அடைமழையில், குடிபுகுந்து எட்டு மாதமே ஆன ஒரு வீட்டிலிருந்து என்னை அழைத்தார்கள். பிரிட்ஜ் கதவைத் திறக்கப் போன அந்த வீட்டு அம்மாவை மின்சாரம் தூக்கி எறிந்திருந்தது. பின்மண்டையில் தையல் போட்டதோடு உயிர் பிழைத்தார். நான் டெஸ்டரை வைத்தேன். பிரிட்ஜில் எங்கே தொட்டாலும் எரிந்தது. பிளக் பாயின்டைக் கழற்றினால், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயரே அதற்கு வரவில்லை. மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் பின்னில் முறுக்கிவிட்டிருந்தார்கள். இந்த ‘லூப்’ எவ்வளவு கொடியது என்பது தாங்கள் அறியாததல்ல. நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது ஓரிடத்தில் விட்டுப்போனால் பிரிட்ஜ் நின்றுவிடும், ஆனால் மின்சாரம் வரும் பேஸ் அதன் தகரத்தில் ஏறி நிற்கும். நின்றுபோன பிரிட்ஜை வீட்டில் யாராவது தொட்டுப் பார்க்கத்தானே செய்வார்கள்?

அதிலிருந்து காக்க வேண்டிய ஆர்.சி.சி.பி.யும் போர்டில் இருந்தது. வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய கருவி அது. மழை பெய்தால் அது அடிக்கடி விழுந்து கரண்ட் போகிறது என்று வீட்டார் சொன்னதும், வயரிங் செய்தவரே வந்து அதன் வழியே விடாமல் நேராக இணைப்புக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஈரச் சுவரில் கசிவு இருக்கிறது என்று அந்தக் கருவி திரும்பத் திரும்பச் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சோதனை அறிக்கையின் நகலை வாங்கிப் பார்த்தேன். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கையெழுத்தும் சீலும் முறையாக இருந்தன. எர்த் மின்தடை என்ற இடத்தில் ஓர் எண்கூட எழுதியிருந்தது. ஐயா, அந்த வீட்டில் எர்த் குழியே தோண்டவில்லை. கையெழுத்துப் போட்டவர் ஒருநாளும் அந்த வாசற்படி ஏறியதில்லை. சீலுக்கென்று தனியாகக் கொடுத்த பணத்தை அரசுக் கட்டணம் என்றே அந்த வீட்டுக்காரர் நினைத்திருந்தார்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இதில் தெளிவாகவே இருக்கின்றன. பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் நீங்கலாக, எந்த வயரிங் வேலையையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் அது நடக்க வேண்டும். 500 வோல்ட் மெகர் கருவியை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, வயரிலிருந்து மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதிக்கவும் ஐந்து நிமிடம் போதும். சட்டத்தில் குறை இல்லை. சீல் மட்டும் தனியாக விலைக்குக் கிடைப்பதுதான் குறை.

ஆகவே, சோதனை அறிக்கையில் வயரிங் செய்தவரின் பெயரும் தகுதிச் சான்று எண்ணும் கட்டாயம் இடம்பெற வேண்டும். எர்த் குழி, மெயின் போர்டு, மெகர் காட்டிய அளவு ஆகியவற்றின் புகைப்படங்களையும் அதனுடன் இணைக்க வேண்டும். வரும் அறிக்கைகளில் சிலவற்றையாவது மின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி நேரில் சரிபார்த்து, பொய்யான அளவு எழுதியவரின் உரிமத்தின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்தந்தப் பகுதியின் உரிமதாரர் பட்டியலை மின்வாரியப் பிரிவு அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைத்தால், வீடு கட்டுகிறவர் யாரை அழைப்பது என்று தெரிந்துகொள்வார்.

இன்னொன்றையும் பணிவோடு சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வயரிங் செய்த தம்பியை எனக்குத் தெரியும். கை சுத்தமான வேலைக்காரர். எர்த் ஏன் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் ஒன்பது ஆண்டுகள் அவரைப் போலச் சான்றில்லாமல் வேலை செய்தவன்தான். மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத 21 வயதும் ஐந்து ஆண்டு அனுபவமும் வேண்டும். கூலிக்குப் போய்வந்த அனுபவத்துக்கு எங்களிடம் என்ன காகிதம் இருக்கும்? சான்று கொடுக்க வேண்டிய ஒப்பந்ததாரரோ, ஆள் சான்று வாங்கிவிட்டால் தன் சீலுக்குத் தேவை இருக்காதே என்று தயங்குகிறார். எனவே வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையுடன் பேசி, வேலையைச் செய்து காட்டியே அனுபவத்தை நிரூபிக்கும் வாய்ப்பையும், எர்த்திங் பற்றிய இரண்டு நாள் பயிற்சியையும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மாலை நேரத்தில் ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன். பகலில் வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

அந்த வீட்டுக்காரரின் ஒப்புதலோடு பிளக் பாயின்ட், போர்டு ஆகியவற்றின் புகைப்படங்களையும் அறிக்கையின் நகலையும் இணைத்துள்ளேன். ஆய்வுக்கு வரும் அலுவலருடன் வந்து காட்ட எந்த நாளிலும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்:
நாள்:

இணைப்பு: புகைப்படங்கள், சோதனை அறிக்கை நகல், எனது தகுதிச் சான்று நகல்