காலை முன்னால் வீசாதே, சாந்தி

பாளையங்கோட்டை,
கார்த்திகை மாதம்

அன்புள்ள சாந்தி,

ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னங்கால் எலும்பு வலிக்கிறது என்று சொல்லி நீ அனுப்பிய ஓட்ட வீடியோவை முதலில் ஸ்டாஃப் ரூமில் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்துப் போட்டு மறுபடி பார்த்தேன். உன் பையன் பக்கவாட்டில் நின்று எடுத்த துண்டு ஒன்றே எனக்குப் போதும். ஷூவை மாற்றுகிற யோசனையை விட்டுவிடு. அவ்வளவு பணம் போட்டு வாங்கியதை ஆறு மாதம் போட்டுத் தேய்க்காமல் இன்னொன்றா? வயசாகிவிட்டது என்ற புலம்பலும் வேண்டாம். நாற்பத்தேழு ஒரு வயசாட்டி?

நீ இன்னும் காலேஜில் நானூறு மீட்டர் ஓடின சாந்தியாகவே ஓடுகிறாய், சிக்கலே அதுதான். அன்றைக்கு இருந்த வேகத்துக்கு அந்த நீள எட்டு பொருந்தியது. இன்றைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று மெதுவாகப் போகும்போதும் அதே நீளத்துக்கு எட்டு வைத்தால், கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுகிறது. முழங்கால் கிட்டத்தட்ட நீண்ட நிலையில் இருக்க, குதிகால் தரையைக் குத்துகிறது. ஒவ்வொரு எட்டிலும் நீயே உனக்கு பிரேக் போட்டுக்கொண்டு, அந்த அதிர்ச்சியை முன்னங்கால் எலும்பிலும் முழங்காலிலும் வாங்கிக்கொள்கிறாய். வீடியோவைக் கால் தரையில் படும் இடத்தில் நிறுத்திப் பார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு செங்குத்தாக நிற்க வேண்டும். உனக்குக் கணுக்கால் முழங்காலைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டு, அது சாய்ந்து கிடக்கிறது.

முப்பது வினாடிக்கு உன் வலது கால் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணினேன்: 38. நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 152 எட்டு. நம்மளவு உயரத்துக்கு இது குறைச்சல். வேகத்தைக் கூட்டாமல் எட்டை மட்டும் சுருக்கி 160-க்குக் கொண்டு வா. ஐந்து சதவீதம்தான் கூடுகிறது. 2011-இல் ஹைடர்ஷைட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, எட்டு எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினதுமே முழங்காலும் இடுப்பும் வாங்கும் சுமை தெளிவாகக் குறைந்தது. போனில் மெட்ரோனோம் ஆப் ஒன்றை 160-இல் போட்டுக்கொள், 'டிக் டிக்' என்று அதுபாட்டுக்குத் தாளம் அடிக்கும். முதல் வாரம் ஓட்டம் முழுக்கப் போடாதே. ஒரு நிமிடம் அதோடு ஓடு, நாலு நிமிடம் மறந்துவிட்டு ஓடு.

நிமிடத்துக்கு 180 எட்டு வந்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அந்த எண் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளரிடமிருந்து வந்தது. (பெயரைப் பார்த்துச் சிரிக்காதே, அந்தப் பெயர் போட்ட விஸ்கி பாட்டிலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களின் எட்டுகளை எண்ணிப் பார்த்தவர் அவர். அவர்கள் பதக்கத்துக்கு ஓடினவர்கள். நீ ஆபீஸ் போவதற்கு முன்னால் கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸைச் சுற்றுகிறவள்.

இங்கே ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள், நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். 'நீளமா எட்டு வை, நீளமா எட்டு வை' என்று முன்னால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டே அவள் வருவதைக் கண்டுபிடித்துவிடலாம், தப் தப் என்று அப்படி ஒரு சத்தம். நான் கால் எங்கே விழ வேண்டும் என்றெல்லாம் அவளிடம் பேசவே இல்லை. 'சத்தம் கேட்காமல் ஓடிக் காட்டு, பார்ப்போம்' என்றேன், அவ்வளவுதான். எட்டு தானாகச் சுருங்கியது, முழங்கால் மடங்கியது, தோள் இறங்கியது. குடியரசு தினப் போட்டியில் மாவட்டம் வரை போகிறாள். உனக்கும் அதையே சொல்கிறேன். சத்தம் குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே ஓடு. காதில் பாட்டு மாட்டினால் இது நடக்காது.

பின்னாலிருந்து எடுத்த துண்டில் இன்னொன்றும் தெரிந்தது. கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி ஒரு கால் இருந்த கோட்டிலேயே அடுத்த காலையும் வைக்கிறாய். அப்படிக் குறுக்கிப் போட்டால் முன்னங்கால் எலும்பு கூடுதலாக வளைந்து கொடுக்க வேண்டியிருக்கும். தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு இந்தப்பக்கம் ஒரு கால் அந்தப்பக்கம் ஒரு கால் என்று ஓடு. இரண்டு விரல் அகலம் விட்டால் போதும், வாத்து நடை வேண்டாம்.

வெறுங்காலோடு முன்பாதத்தில் ஓடச் சொல்லி உன் பையன் படுத்துகிறான் என்று எழுதியிருந்தாய். அவன் எதைப் படித்தான் என்று எனக்குத் தெரியும். ஹார்வர்டில் லீபர்மன் என்ற ஆராய்ச்சியாளர் 2010-இல் எழுதியது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வரும் அந்த முதல் அடி அவர்களுக்கு இல்லை என்றார். அது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாகப் பிரிந்த ஷூ விற்றார்கள். காயம் குறையும் என்று விளம்பரம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று வழக்குப் போட்டதில், 2014-இல் விப்ரம் கம்பெனி 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. விஷயம் என்னவென்றால், சுமை எங்கேயும் மறைந்து போவதில்லை. முழங்காலிலிருந்து இறக்கினால் கெண்டைக்காலிலும், அதைக் குதிகாலோடு கட்டி வைத்திருக்கும் குதிகால் நரம்பிலும் போய் உட்காரும். ஹாங்காங்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 320 பேரை வைத்து 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. மெத்தென்று இறங்கப் பழகியவர்களுக்கு ஒரு வருடத்தில் காயம் 62 சதவீதம் குறைவு. ஆனால் அவர்களுக்கு வந்த காயங்களில் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும்தான் அதிகம். அதனால் பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். குதிகால் பட்டாலும் அது உடம்புக்குக் கீழே வந்து படட்டும்.

கெண்டைக்காலை இப்போதே தயார் செய்துகொள். வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, இரண்டு காலாலும் எக்கி, ஒரு காலால் மெதுவாகக் குதிகாலை இறக்கு. முழங்காலை நீட்டி ஒரு சுற்று, கொஞ்சம் மடக்கி ஒரு சுற்று. மடக்கினால்தான் உள்ளே கிடக்கும் சோலியஸ் தசைக்கு வேலை போகும், ஓட்டத்தில் பெரும்பாரம் தாங்குவது அதுதான். பால் காய்கிற நேரத்தில் நைட்டியோடேயே செய்துவிடலாம். ஸ்வீடன் டாக்டர் ஆல்ஃபிரட்சன் 1998-இல் குதிகால் நரம்பு வலிக்காரர்களுக்கு இதைத் தினமும் 180 தடவை, பன்னிரண்டு வாரம் செய்யக் கொடுத்தார். உனக்கு அவ்வளவு தேவையில்லை, பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்.

இனி நான் சொல்வதை மட்டும் தள்ளிப் போடாதே. முன்னங்கால் உள்பக்க விளிம்பை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வா. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் நான் சொன்னதையெல்லாம் செய்தாலே அடங்கும். ஒரே ஒரு இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, தொட்டாலே 'ஆ' என்று துள்ள வைக்கிறதா, ராத்திரி படுத்த பிறகும் வலிக்கிறதா, அந்தக் காலில் மட்டும் ஒரு குதி குதிக்க முடியவில்லையா, அப்படியானால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போ. எலும்பில் மயிரிழை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டாலும் வலி நின்றபாடில்லை என்றால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேள். நமக்கு மாதவிலக்கு தாறுமாறாகிற வயசு, எலும்பு சத்தமில்லாமல் கரையும். வைட்டமின் டி ஒருதடவை பார்த்துவிடு. எடை குறைய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டதாக எழுதியிருந்தாயே, ஓடுகிற நாளில் அந்த வேலை வைத்துக்கொள்ளாதே.

இங்கே மழை விட்டபாடில்லை, மைதானம் முழுக்கச் சகதி. பிள்ளைகளை வராண்டாவில் ஸ்கிப்பிங் ஆட விட்டிருக்கிறேன், ஹெச்.எம். சத்தம் தாங்கவில்லை என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஜெயா மகள் கல்யாணத்துக்குத் தை மாதம் நீ வருவது உறுதிதானே? கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் இடம் கிடைக்காது, இப்போதே போட்டுவிடு. இரண்டு வாரம் கழித்து இன்னொரு வீடியோ அனுப்பு. பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் போனை வைத்து எடுக்கச் சொல். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள், முழங்காலை மறைக்கிறது.

அன்புடன்,
மல்லிகா