அந்தச் சமையலறை மேசை

அன்புள்ள மாதவிக்குட்டி அம்மா,

மலையாளக் கதைகளில் மாதவிக்குட்டி, ஆங்கிலக் கவிதைகளில் கமலா தாஸ், மதம் மாறிய பின் கடைசியில் கமலா சுரய்யா. எனக்கு மாதவிக்குட்டிதான் பிடிக்கும். பாட்டி மனம் நோகக்கூடாது என்று கதைகளுக்கு வைத்துக்கொண்ட புனைபெயராமே! யாருக்கும் அஞ்சாதவர் என்று பெயர் வாங்கியவருக்குள் இப்படியொரு பேத்தி.

உங்கள் பேச்சை எடுத்தாலே எல்லோரும், ஒளிவுமறைவில்லாமல் எழுதிய உங்கள் தன்வரலாறான 'என்டெ கதா'வில் ('என் கதை') போய் நின்றுவிடுகிறார்கள். 1972-ல் 'மலையாளநாடு' வார இதழில் அது தொடராக வந்தபோது உறவுக்காரர்கள் கூசிப்போனார்கள், ஊர் வாயில் போட்டு மென்றது. அதை ஏன் எழுதினீர்கள் என்று அதன் ஆங்கில வடிவத்தின் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறீர்கள். இதய நோயில் படுத்திருந்தபோது, சாவு பயம் மறக்க எழுதலாமே என்று டாக்டர் நினைத்தார். அப்புறம், ஆஸ்பத்திரி பில் வேறு கட்ட வேண்டியிருந்தது. முன்னுரையை யார் படிக்கிறார்கள், சொல்லுங்கள்.

எனக்கு உங்கள் மேசைதான் கண்ணில் நிற்கிறது. 15 வயதில் கல்யாணம், வங்கி அதிகாரி கணவர், மூன்று ஆண்பிள்ளைகள். பாலாமணியம்மா என்ற பெரிய கவிஞரின் மகளுக்கு எழுத ஒரு தனி அறை இல்லை. காய் நறுக்கிய அதே மேசையில், ராத்திரி தட்டுகளை எடுத்து வைத்து, வீடு தூங்கிய பிறகு தட்டச்சு இயந்திரத்தோடு உட்காருவீர்கள். வெங்காய வாசனை போயிருக்குமா என்ன? 1965-ல் வந்த முதல் ஆங்கிலத் தொகுப்பிலேயே 'மூன்று மொழி பேசுகிறேன், இரண்டில் எழுதுகிறேன், ஒன்றில் கனவு காண்கிறேன்' என்றீர்கள். எந்த மொழி என்று மட்டும் சொல்லவில்லை. கள்ளி!

1984-ல் மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றீர்கள், அது போகட்டும். 1999-ல், 65 வயதில் இஸ்லாத்துக்கு மாறியதும், 'என்டெ கதா'வின் துணிச்சலைக் கொண்டாடியவர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். துணிச்சல் தங்களுக்குப் பிடித்த திசையிலேயே போக வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. 2009-ல் புணேயில் கண்மூடினீர்கள். திருவனந்தபுரம் பாளையம் பள்ளிவாசலில் உங்களை அடக்கம் செய்தார்கள்.

ஒரு சேதி. நீங்கள் பிறந்த புன்னயூர்க்குளத்து வீட்டின் நீர்மாதள மரத்தை ஏதோ கேரளத்துக்கு மட்டுமே உரிய அபூர்வ மரம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். எங்கள் குளத்தங்கரையில் நிற்கும் மாவிலங்கம்தானாம் அது! இத்தனை வருஷம் அதன் நிழலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒருநாளும் பூவை அண்ணாந்து பார்த்ததில்லை. போன வாரம் பார்த்தேன். வெள்ளையாகப் பூத்து, வாட வாட மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

அன்புடன்,
உங்கள் வாசகி