கடல்நீரை மட்டும் சோதித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலோர மாசு பற்றிய செய்திகளில், நீர் மாதிரிகளைச் சோதித்ததில் கன உலோகங்கள் வரம்புக்குள்ளேயே இருந்தன என்ற வரி அடிக்கடி இடம்பெறுகிறது. அந்த வரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு நிம்மதி அடைவது தவறு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆறுகளாலும் ஆலைக் கழிவாலும் கடலுக்கு வரும் ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் போன்றவற்றில் பெரும்பகுதி நுண்ணிய களிமண் துகள்களிலும் மட்கிய கரிமப் பொருளிலும் ஒட்டிக்கொள்கிறது. உப்புநீர் கலக்கும் முகத்துவாரத்தில் அத்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, கனம் கூடி, அடியில் படிந்துவிடுகின்றன. மேலே நீர் தெளிந்திருக்கும். வந்த உலோகமோ கீழே சேற்றில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும்.

குழாய் இறக்கி எடுத்த அடிச்சேற்றைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் தோற்றம் மறக்காது. மேலே சில மில்லிமீட்டர் அளவுக்குப் பழுப்பு நிறம், அதற்குக் கீழே கன்னங்கரிய மண், கூடவே அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் எட்டாத அந்தக் கருஞ்சேற்றில் உள்ள சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம், உலோகங்களைப் பிணைத்து வைத்திருக்கிறது. கலையாமல் கிடக்கும் வரை அவை ஓரளவு அடங்கியிருக்கும். கப்பல் வழிக்காகத் தூர்வாரும்போதோ, புயலில் அடிமண் கலங்கும்போதோ, ஆக்சிஜன் பட்டு அந்தப் பிணைப்பு அவிழ்கிறது. உலோகத்தில் ஒரு பகுதி மீண்டும் நீருக்கு வருகிறது. பாதரசத்தின் நிலை இன்னும் கொடியது. ஆக்சிஜனற்ற சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை, உயிர்களின் உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அது சேற்றைத் தின்னும் புழுக்களில் தொடங்கி, நண்டு, சிறுமீன், பெருமீன் என ஒவ்வொரு படியிலும் செறிவு கூடி, இறுதியில் மனிதரின் தட்டுக்கு வந்து சேர்கிறது.

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அங்கே ஆலைக் கழிவின் பாதரசம் சேர்ந்த மீனை உண்டவர்களுக்கு வந்த நரம்பு நோய் 1956-இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. பாதரசக் கழிவு கடலில் விடப்படுவது 1968-இல்தான் நின்றது. நின்ற பிறகும் சேறு அப்படியே கிடந்தது. 1977 முதல் 1990 வரை, சுமார் 15 லட்சம் கனமீட்டர் சேற்றைத் தூர்வாரியும் மூடியும் அடைக்க வேண்டியிருந்தது. கழிவுக் குழாயை அடைப்பதோடு தீர்ந்துவிடாத சிக்கல் இது.

சேற்றைச் சோதிப்பதிலும் கவனம் வேண்டும். 63 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களில்தான் உலோகம் மிகுதியாகச் சேர்கிறது. ஆகவே மணல் மிகுந்த இடத்தில் மாதிரி எடுத்தால் அளவு குறைவாகவே தெரியும். மறுபுறம், பாறையிலிருந்து இயற்கையாக வரும் உலோகமும் உண்டு என்பதால், உயர்ந்த அளவு எல்லாவற்றையும் மாசு என்று சொல்லிவிடவும் முடியாது. துகள் அளவைக் குறிப்பிட்டு, களிமண்ணில் இயற்கையாகவே மிகுந்துள்ள அலுமினியத்தோடு விகிதம் பார்த்து, ஆழத்துக்கு ஆழம் அளந்தால்தான் மனிதர் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியும். ஏறத்தாழ 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210 என்ற, ஈயத்தின் கதிரியக்க வடிவத்தைக் கொண்டு, கலையாத அடுக்குகள் எந்தக் காலத்தில் படிந்தவை என்றுகூடக் கணிக்கலாம். வழி இருந்தும் மேல்நீரை மட்டும் அளந்து அறிக்கையை முடித்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

எனவே, அடுத்த முறை இத்தகைய அறிக்கையோ தூர்வாரும் திட்டமோ செய்தியாகும்போது, சேறு சோதிக்கப்பட்டதா, எந்த ஆழம் வரை, எந்தத் துகள் அளவில், வாரிய மண் எங்கே கொட்டப்படும் என்பவற்றைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்