செயின் பிடிக்கவில்லை என்பதற்காக வாட்சை மாற்றுவதா?

அன்புள்ள அம்முவுக்கு,

படம் பார்த்தேன். வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, செயின்தான் வளையல் மாதிரி தொங்குகிறது. இதற்குப் போய் வேறு வாட்ச் வாங்கட்டுமா என்கிறாய். வேண்டாம்மா. தினமும் கட்டுகிற வாட்ச் சலித்துப்போனால் பெரும்பாலும் குறை வாட்சில் இருக்காது, கையைச் சுற்றியிருப்பதில்தான் இருக்கும்.

முதலில் செயினையே சரிசெய்து பார். கொக்கியின் ஓரத்தில் சின்ன ஓட்டைகள் இருந்தால் அங்கே செயினைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பாரை, அதாவது அழுத்தினால் சுருங்கும் சின்னக் கம்பியை, ஒன்றிரண்டு ஓட்டை தள்ளிப் போட்டாலே போதுமாக இருக்கலாம். போதவில்லை என்றால் கண்ணியைக் கழற்ற வேண்டும், உள்பக்கம் அம்புக்குறி இருக்கும், பின்னை அந்தத் திசையில் தள்ளு. இரண்டு பக்கமும் சமமாகக் குறை, இல்லாவிட்டால் கொக்கி மணிக்கட்டின் நடுவில் நிற்காது. கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அப்படியும் பிடிக்கவில்லையா, சரி, ஸ்ட்ராப்புக்கு வருவோம். ஸ்கேலை எடுத்து, வாட்சின் கேஸிலிருந்து, அதாவது வட்டமான உடம்பிலிருந்து, நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அள. லக் அகலம் என்பது அதுதான், பெரும்பாலும் 18, 20, 22 மி.மீ. இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். 19 வந்தால் 20 மி.மீ. நைலானை நெருக்கி நுழைத்துவிடலாம், தோலை அப்படி நுழைத்தால் ஓரம் மடங்கி அசிங்கமாகிவிடும்.

தோல்தான் அழகு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உனக்குக் கை வியர்க்கும், காலையில் ஓடவும் செய்கிறாய், தினமும் வியர்வையில் ஊறினால் எந்தத் தோலும் நாறத்தான் செய்யும், அதனால் அதை வேலைக்குப் போகும் நாளுக்கு வைத்துக்கொள். சிலிகோன் மலிவு, ஆனால் பையில் இருக்கிற பஞ்சும் தூசியும் அதில்தான் ஒட்டும். எஃப்.கே.எம். என்ற செயற்கை ரப்பர் விலை கூடினாலும் அந்தத் தொல்லை குறைவு, வியர்வை, எண்ணெய் எதற்கும் அசராது.

நேட்டோ ஸ்ட்ராப் பற்றிக் கேட்டிருந்தாய். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973-இல் வகுத்த அளவு அது, 20 மி.மீ. சாம்பல் நிற நைலான். ஜி10 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்துத்தான் சிப்பாய்கள் வாங்க முடிந்தது, அதனால் ஜி10 என்றும் சொல்வார்கள். ஒரே பட்டையாக இரண்டு ஸ்பிரிங் பாருக்குள்ளும் நுழைந்து போவதால், ஒன்று பிய்த்துக்கொண்டாலும் வாட்ச் கீழே விழாது, அதுதான் அதன் பெரிய லாபம். ஆனால் துணி கேஸுக்கு அடியில் இரண்டு அடுக்காகப் போவதால் வாட்ச் உயர்ந்து நிற்கும், உன் மெல்லிய கைக்கு அது எடுக்காது. ஒரே அடுக்காகப் போகும் நைலான் கிடைக்கிறது, அதை வாங்கு.

என் பழைய சீக்கோ எஸ்.கே.எக்ஸ்.007-ஐ நீ பார்த்திருக்கிறாயே, 22 மி.மீ., அதற்கு 2.5 மி.மீ. தடிமனான ஸ்பிரிங் பார். விரலால் இழுத்தாலே கழன்றுவிடும் க்விக் ரிலீஸ் ஸ்ட்ராப் பெரும்பாலும் மெல்லிய பாருடன்தான் வரும், அதில் சரியாக உட்காராது. உன் வாட்சுக்கு அந்தச் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன், எதற்கும் பழைய பாரைக் கழற்றியதும் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடு.

கழற்றும்போது கொம்பின்மேல் டேப் ஒட்டிக்கொள், கீறல் விழாது. மேஜையில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு செய், அந்தப் பார் துள்ளி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 12 மணிப் பக்கம். கட்டிய பிறகு சுண்டுவிரல் உள்ளே நுழைகிற அளவு இடம் விடு, சூட்டில் கை கொஞ்சம் வீங்கும்.

நிறம் உன் இஷ்டம். டயலின் நிறத்திலேயே ஸ்ட்ராப் தேடி அலையாதே, கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் முழுக்கப் பொருந்தாததைவிடக் கண்ணை உறுத்தும். உன்னுடையது கறுப்பு டயல், பழுப்பு, சாம்பல், ஆலிவ் எதுவும் ஒத்துப்போகும். வாங்கும்போது நீளத்தையும் பார், வழக்கமாக நீளத் துண்டு 115, குட்டைத் துண்டு 75 மி.மீ. என்று வரும், உனக்கு அது நீளம் அதிகம், குட்டையானதாகக் கேள்.

அளந்ததும் எத்தனை மி.மீ. என்று எழுது, இங்கே என் டப்பாவில் இருப்பதில் பொருந்துவது இருந்தால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா