தல்லாகுளத்து அண்ணனுக்கு நன்றி

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவு. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே ஆக்‌ஷன் கேமராவைத் தூக்கிப் பிடித்தால், நாலு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அப்புறம் திரை உறைந்துபோகும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும். சூடாகிறது என்று நினைத்து ஜிகர்தண்டா டம்ளர்மேல் வைத்துக்கூடப் பார்த்தேன் (சிரிக்காதீர்கள்).

டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் கையை நீட்டினார். கல்யாண வீடியோ எடுப்பவராம். கேமராவைப் பார்க்கவே இல்லை. மெமரி கார்டை உருவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணருகே வைத்துப் படித்தார்.

"தம்பி, கேமராவுக்கு ஒண்ணுமில்ல. கார்டுக்குத்தான் மூச்சு வாங்குது."

விஷயம் இதுதான்: 4கே-யில் (மிகத் துல்லியமான வீடியோ) என் கேமரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதும், அதாவது 12.5 எம்பி (மெகாபைட்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). என் கார்டில் இருந்த வேகக் குறி 'கிளாஸ் 10'. அது உறுதி தருவது நொடிக்கு 10 எம்பி மட்டுமே. 'வி30' என்று போட்டிருந்தால் 30 எம்பி. கடையில் ஜிபியை மட்டும் கேட்டு வாங்கியது என் தப்பு.

பர்ஸிலிருந்து தன் வி30 கார்டை எடுத்துப் போட்டார். "லேப்டாப்புல வேண்டாம், கேமராவுலயே ஃபார்மட் பண்ணு" என்று அவரே செய்தும் கொடுத்தார். பெயர் கேட்பதற்குள் கூட்டம் அவரை இழுத்துக்கொண்டது.

விடியலில் அழகர் ஆற்றில் இறங்கியதும், தண்ணீர் பீய்ச்சியதும் ஒரு நொடி விடாமல் பதிவாகியிருக்கிறது. அண்ணே, உங்கள் கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதே டீக்கடையிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.