மேல் இறக்கையை அவசரப்பட்டு ஒட்டிவிடாதே

அன்புள்ள கண்ணாவுக்கு,

நலம்தானே? வால்ரஸ் விமான மாடல் கிட் வந்து சேர்ந்துவிட்டது, இந்த வாரக் கடைசியில் பிரிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நீ இதுவரை கட்டியதெல்லாம் ஒற்றை இறக்கை விமானங்கள். இதற்கு இறக்கை இரண்டு அடுக்கு, இரண்டு அடுக்குக்கும் நடுவே எஞ்சின் தொங்குகிறது. வழிகாட்டித் தாளில் போட்டிருக்கும் வரிசையிலேயே ஒட்டிக்கொண்டு போனால், பெயின்ட் அடிக்க வேண்டிய நேரத்தில் தூரிகையும் நுழையாது, ஏர்பிரஷும் எட்டாது. எப்படி ஒட்டுவது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எதை எப்போது ஒட்டுவது என்று மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

விமானத்தைப் பற்றி இரண்டு வரி. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல்தான் சூப்பர்மரைன் வால்ரஸையும் வடிவமைத்தார். 1933 ஜூன் 21-இல் முதன்முதலாகப் பறந்தபோது இதன் பெயர் சீகல் 5. போர்க்கப்பலின் கேட்டபுல்ட்டிலிருந்து, அதாவது விமானத்தை உந்தி எறியும் ஏவுகருவியிலிருந்து ஏவப்பட்டு, வேவு பார்த்துவிட்டு, கடலில் இறங்கி, கிரேன் கொக்கியில் மாட்டிக் கப்பலுக்குள் ஏற்றப்படும். பிற்பாடு கடலில் விழுந்த விமானிகளை மீட்கவும் போனது. கொக்கி மாட்ட ஒருவர் மேல் இறக்கையின் மீதே ஏறி நிற்பார். நங்கூரம், கட்டுகயிறு, படகுக் கொக்கிக்கழி எல்லாம் விமானத்துக்குள்ளேயே இருக்கும். பாதி விமானம், பாதி படகு என்பதை மனதில் வைத்துக்கொண்டு கட்டு.

பிரித்ததும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, விமானம் எங்கே நிற்கிறது என்பதை. கேட்டபுல்ட் மேல் என்றாலும் தண்ணீரில் என்றாலும் சக்கரங்கள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். தரையில் என்றால் கீழே. சக்கரங்கள் கீழ் இறக்கைக்குள் முழுசாக மடங்கிக்கொள்ளும், அதனால் அந்தக் குழிகளின் உட்புறத்தை இறக்கைப் பாதிகளைச் சேர்க்கும் முன்பே பெயின்ட் அடித்துவிடு. இறக்கையை மடக்கியும் காட்டலாம். 1/48 அளவில் விரித்தால் 29 செ.மீ., மடக்கினால் 11 செ.மீ. அகலம்தான். இடம் மிச்சம் என்று ஆசை வரும். ஆனால் முதல் இரட்டை இறக்கை மாடலுக்கு விரித்தே கட்டு. மடக்கிய இறக்கையில் இடவலம் சரிபார்க்க ஒரு நேர்கோடுகூடக் கிடைக்காது. மூக்கில் எடை வைக்க வேண்டுமோ என்று யோசிக்காதே. இது வால் தாழ்ந்து நிற்கும் விமானம், தேவையில்லை.

காக்பிட்டில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டு தரையில் நிரந்தரமாகப் பொருத்தியதில்லை. தரையில் இரண்டு குழிகள் உண்டு. தண்டைப் பிடுங்கிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்தால், அவர் தன் பக்கத்துக் குழியில் செருகிக்கொண்டு ஓட்டுவார். கிட்டில் இரண்டு தண்டு இருந்தாலும் ஒன்றை மட்டும், இடப்பக்கம் வை. வலப்பக்கம் 0.5 மி.மீ. துரப்பண பிட்டால் ஒரு குழி போட்டு, அதில் கறுப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டால் போதும். வலப்பக்க இருக்கை மடங்கும், மூக்கிலுள்ள துப்பாக்கி இடத்துக்குத் தவழ்ந்து போகும் வழி அதுதான். கண்ணாடி பெரிது, உள்ளே இருப்பது தெரியும். அதற்காகக் கடைசி மூலை வரை நுணுக்கம் செய்து களைத்துப் போகாதே. இருக்கை வார்களும் கருவிப் பலகையும் கண்ணில் படும். பின்னால் இருக்கும் வழிகணிப்பாளர், ரேடியோ அறைகளில் மேசை விளிம்பைத் தாண்டி எதுவும் தெரியாது.

படகுடலின், அதாவது படகு வடிவ விமான உடலின், இரண்டு பாதிகளையும் சேர்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அடிப்பகுதியின் நடு விளிம்பிலும் மூக்கின் வளைவிலும் இணைப்புக்கோடு ஓடும். சுற்றிலும் உலோகத் தகட்டின் மேடான கோடுகளும் ரிவெட்டுகளும். பட்டி பூசித் தேய்த்தால் அவையும் சேர்ந்து போய்விடும். அதனால் பட்டியே வேண்டாம் என்று வைத்துக்கொண்டு வேலை செய். ஒட்டாமல் பொருத்திப் பார். திரவ சிமென்ட்டை இரண்டு விளிம்பிலும் தடவி அரை நிமிஷம் ஊறவிடு, பிறகு அழுத்து. உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வெளியே வரும். அதைத் தொடாதே. இரண்டு நாள் ஆறவிட்டு, புதுப் பிளேடால் செதுக்கி எடு. கோட்டுக்கு இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு 600, 1000, 2000 உப்புத்தாளில் வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேய். ஒரு நாளிலேயே தேய்த்தால் உள்ளே காயாத பிளாஸ்டிக் பிறகு சுருங்கி, பெயின்ட் அடித்த பின் கோடு திரும்பத் தெரியும்.

கண்ணாடிப் பாகங்களுக்கு சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி படிந்து வெள்ளையாக மூடுபனி போட்டுவிடும். காய்ந்தால் தெளிவாகிற வெள்ளைப் பசை போதும். சட்டங்களுக்கு முதலில் உட்புற நிறத்தை அடித்து, அதன் மேல் வெளி நிறத்தை அடி. உள்ளிருந்து பார்க்கும்போது அது சரியாக இருக்கும்.

இனி எஞ்சின். இந்த மாடலின் முகம் அதுதான், சாவகாசமாகச் செய். பிரிஸ்டல் பெகாசஸ், 9 சிலிண்டர். புரொப்பெல்லர் பின்பக்கம் சுழன்று விமானத்தைத் தள்ளுகிறது. அதனால் மற்ற விமானங்களில் முன்னே பார்க்கும் எஞ்சின் முகம் இங்கே வாலைப் பார்க்கும், வால்வுகளை இயக்கும் தள்ளுகோல்களின் குழாய்களும் அந்தப் பக்கமே வரும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிப் பிளக், மொத்தம் 18 கம்பி. 0.2 மி.மீ. ஈயக் கம்பி இதற்குச் சரி, செம்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் துள்ளும். சிலிண்டருக்கு அடர்ந்த உலோகச் சாம்பல் அடித்து, மேலே கறுப்பு வாஷ் (நீர்த்த சாயம்) ஓடவிட்டு, காய்ந்தபின் வெள்ளி நிறத்தைத் தூரிகையில் ஏறக்குறைய உலர்த்திவிட்டு சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளின் நுனியில் மட்டும் லேசாகத் தடவு.

எஞ்சின் கூட்டைப் பொருத்தும்போது மேலிருந்து பார்த்தால் கோணலாகத் தெரியும். நேராக்கிவிடாதே! உண்மையான விமானத்திலேயே எஞ்சின் 3 டிகிரி வலப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. புரொப்பெல்லர் கிளப்பும் சுழல்காற்று வால் சுக்கானில் ஒரு பக்கமாக மோதி விமானத்தைத் திருப்பும், அதை ஈடுகட்டத்தான் இந்தக் கோணல். கவனமாக வேலை செய்கிறவர்கள்தான் இதைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடுகிறார்கள். அப்படித் திருத்தினால் தாங்குகட்டைகள் மேல் இறக்கையின் குழிகளில் பொருந்தாது.

புரொப்பெல்லர் நான்கு இதழ் மரம். இதழின் உப்பிய பக்கம் எப்போதும் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். தள்ளும் புரொப்பெல்லருக்கும் இதே விதிதான், ஆக உப்பிய முகம் எஞ்சின் பக்கம். இதைத் தலைகீழாக ஒட்டிய வால்ரஸ்கள் எத்தனையோ உண்டு.

இப்போது வரிசை. மாடலை மூன்று துண்டாக நினைத்துக்கொள். கீழ் இறக்கையும் வாலும் சேர்ந்த படகுடல் ஒன்று. எஞ்சின் கூடு ஒன்று. மேல் இறக்கை ஒன்று. மூன்றையும் தனித்தனியாகப் பெயின்ட், டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்), வார்னிஷ் வரை முடித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பெயின்ட் அடிக்கும் முன்பே, இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே இழுத்துக் கட்டும் கம்பிகள் வரும் இடங்களில் 0.3 மி.மீ. பிட்டால் 1 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டுவிடு. ஊசியால் முதலில் ஒரு புள்ளி குத்திக்கொண்டு, கைத்துரப்பணத்தை நிமிர்த்திப் பிடித்துச் சுற்று. பக்கவாட்டில் இம்மி சாய்ந்தாலும் பிட் முறிந்துவிடும், நாலைந்து உபரி வைத்துக்கொள். தாங்குகட்டைகள் செருகும் குழிகளை ஒட்டும் களிமண்ணால் அடைத்துவிட்டுப் பெயின்ட் அடி. குழிக்குள் பெயின்ட் போனால் சிமென்ட் பிளாஸ்டிக்கைத் தொடவே தொடாது. பிடித்தது போல இருந்து, கம்பி கட்டும்போது கழன்று வரும்.

நிறத்தில் பலர் கவனிக்காத ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் கடற்படை இரட்டை இறக்கை விமானங்களில் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் வேறு வேறு நிறம். மேல் இறக்கையின் மேற்புறம் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே. கீழ் இறக்கையின் மேற்புறம் அதைவிட வெளிறிய டார்க் சீ கிரே, லைட் ஸ்லேட் கிரே. மேல் இறக்கையின் நிழல் விழுந்து கீழது இருண்டு போகும் அல்லவா, அதைச் சமன்செய்து மொத்தமும் ஒரே தொனியில் தெரிய வேண்டும் என்பதற்காக. அடிப்புறம் ஸ்கை என்ற நிறம். நீ எடுத்துக்கொள்ளும் விமானத்துக்கு இந்தத் திட்டம் பொருந்துகிறதா என்று அதன் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள், போருக்கு முந்தைய விமானங்கள் வெள்ளி நிறம். அக்ரிலிக்கைச் சம அளவு தின்னரில் கரைத்து, 1 பார் அழுத்தத்தில் மெல்லிய பூச்சாக மூன்று தடவை அடி. டெக்காலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மங்கலான பரப்பில் டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியும். மென்மையாக்கும் திரவம் விட்டதும் டெக்கால் சுருங்கும், பயந்து தொட்டுவிடாதே. தானே படிந்துவிடும்.

சேர்ப்பு. கண்ணாடித் தட்டின் மேல் படகுடலை நிறுத்தி, இரண்டு பக்கமும் பொம்மைக் கட்டைகளை அடுக்கி, மேல் இறக்கை தாங்கி நிற்க ஒரு சட்டம் செய். எஞ்சின் கூட்டையும் இறக்கைகளுக்கு இடையிலான தாங்குகட்டைகளையும் கீழ்முனையில் மட்டும், மெதுவாகக் காயும் கெட்டிச் சிமென்ட்டால் ஒட்டு. மேல் இறக்கையை ஒட்டாமல் மேலே வை. கட்டைகள் தாமே சரியான சாய்வுக்கு வந்துவிடும். முன்னால் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார், மேல் இறக்கையும் வால் இறக்கையும் இணையாக இருக்க வேண்டும். மேல் இறக்கையின் இரு நுனியிலிருந்தும் வால் நுனிக்கு நூல் பிடித்து அள. அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அப்போதே நகர்த்து. ஓர் இரவு விட்டு, மறுநாள் இறக்கையை எடுத்து, மேல்முனைகளில் சூப்பர் குளூவை ஊசியால் தொட்டு வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு ஜோடியாக உட்கார வை.

கம்பிக்கு இலாஸ்டிக் நூல்தான் என் தேர்வு. மீன்பிடி நரம்பை இறுக்கிக் கட்டினால் இறக்கையையே வளைத்துவிடும், தையல் நூலில் பிசிறு நிற்கும். இலாஸ்டிக் நூல் கைபட்டாலும் அறாது. கீழ்த்துளையில் ஒட்டி, பிடித்ததும் கால்வாசி இழுத்து மேல்துளையில் ஒட்டு. உள்பக்கக் கம்பிகளை முதலில் கட்டு, வெளிப்பக்கத்தில் தொடங்கினால் விரல் போக வழி இருக்காது. நிறம் அடர்ந்த உலோகச் சாம்பல். பளிச்சென்ற வெள்ளி இந்த அளவில் கயிறு போலத் தெரியும். குளூவைச் சட்டென்று காய வைக்கும் ஸ்பிரேயைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் எடுக்காதே.

பழமை காட்டும்போது எது எதனால் ஆனது என்று நினைவில் வை. இறக்கை துணி போர்த்தியது, அதில் வெள்ளிச் சிராய்ப்பு வரவே கூடாது. வால்ரஸ் 1-க்குப் படகுடல் உலோகம், ஏறி இறங்கும் இடங்களில் கொஞ்சம் உரியலாம். வால்ரஸ் 2-க்கு மரம், அதில் அலுமினியம் தெரிந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கப்பலில் இருக்கும் விமானத்தில் உப்பு நீர் மேலிருந்து கீழே வழிந்த தடமாக இருக்கும். கிடைமட்ட நீர்க்கோடு, தண்ணீரிலேயே கட்டிக்கிடந்த விமானத்துக்கு மட்டும். வெளிறிய சாம்பல் எண்ணெய் வண்ணத்தைப் புள்ளியாக வைத்து, தின்னர் தொட்ட தூரிகையால் கீழ்நோக்கி இழு.

கட்டுகயிற்றுக்கு 0.3 மி.மீ. பருத்தி நூலை மெழுகில் இழுத்துக்கொண்டால் பிசிறு படியும். சுருட்டி மூக்கில் வை. துப்பாக்கிகள், புரொப்பெல்லர், நங்கூரம் எல்லாம் கடைசி நாள் வேலை, முன்பே ஒட்டினால் உன் கையே தட்டிவிடும்.

சிமென்ட்டும் தின்னரும் எடுக்கும்போது ஜன்னலைத் திற, ஏர்பிரஷுக்கு முகமூடி போடு. ராத்திரி வேலையிலிருந்து வந்த களைப்போடு துளை போட உட்காராதே, அன்றைக்கு டெக்கால் வெட்டு போதும்.

மேல் இறக்கையை ஒட்டும் முன், ஒட்டாமல் வைத்த நிலையில் முன்னாலிருந்தும் மேலிருந்தும் எஞ்சின் பக்கத்திலிருந்தும் மூன்று படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதன் பிறகு குளூவை எடுக்கலாம்.

அன்புடன்,
அம்மா